பாட்டியிடம் வளரும் இரு பிள்ளைகள்: இல்லத்தில் ஒப்படைக்காமல் அரசு உதவி பெற வழி உண்டா?

மலையூர் அஞ்சல்காரர் எழுதியது:

ஏற்காடு ஒன்றியத்தில், பேருந்து நிற்கும் இடத்திலிருந்து காப்பித் தோட்டத்தின் ஊடாக இறங்கிப் போக வேண்டிய ஒரு சிற்றூரின் கிளை அஞ்சலகத்தில் பணிபுரிகிறேன். எங்கள் ஊரில் அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மா, இறந்துபோன தம் மகனின் இரு பிள்ளைகளை வளர்த்து வருகிறார். மூத்தவனுக்குப் பதின்மூன்று வயது, இளையவளுக்கு எட்டு. மருமகள் திருப்பூர்ப் பக்கம் பனியன் வேலைக்குப் போனவர், அங்கேயே மறுமணம் செய்துகொண்டு தங்கிவிட்டார். எப்போதாவது தொலைபேசியில் பிள்ளைகளுடன் பேசுவார். அழைத்துக்கொள்வதாக ஒருபோதும் சொன்னதில்லை.

காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் அந்த அம்மாவுக்குத் தோட்டக் கூலி ஓரளவு கிடைக்கும். அதற்குப் பின் மிளகுப் பறிப்பு, பிறகு களை வெட்டு, அதுவும் இல்லாத நாட்களில் நூறு நாள் வேலை. முதியோர் உதவித்தொகையாக மாதம் 1,200 ரூபாய் வருகிறது. ரேஷன் அரிசி இருப்பதால் பட்டினி இல்லை; ஆனால் செருப்பு, நோட்டுப் புத்தகம், மருத்துவமனைச் செலவு என்று வந்துவிட்டால் கடன்தான்.

சென்ற மாதம் சமவெளியில் குழந்தைகள் இல்லம் நடத்துவதாகச் சொல்லிக்கொண்டு சிலர் ஜீப்பில் வந்தார்கள். இருவரையும் ஆங்கில வழிப் பள்ளியில் படிக்க வைப்பதாகவும், பாட்டி ஒரு பைசாகூடச் செலவழிக்க வேண்டியதில்லை என்றும் கூறி, இருபது ரூபாய் முத்திரைத்தாள் ஒன்றில் கைநாட்டு கேட்டார்கள். வாசித்துக் காட்டும்படி அந்த அம்மா என்னிடம் கொண்டுவந்தார். “வளர்க்க வசதியில்லாததால் மனமுவந்து ஒப்படைக்கிறேன்; பதினெட்டு வயது வரை திரும்பக் கேட்க மாட்டேன்” என்பது அதன் சாரம். இதற்கிடையே பிள்ளைகளின் பெரியப்பா, பையனை மட்டும் சிவதாபுரத்தில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் விட்டுவிடலாம் என்கிறார்.

அந்த அம்மாவுக்குப் பிள்ளைகளைப் பிரிய மனமில்லை. அதே நேரத்தில், ஆட்சியர் அலுவலகம் என்று போய் நின்றால் “உன்னால் வளர்க்க முடியாது” என்று சொல்லி அவர்களே பறித்துக்கொள்வார்களோ என்ற அச்சமும் இருக்கிறது. அந்தத் தாள் சட்டப்படி செல்லுமா, பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துக்கொள்ள உதவித்தொகை ஏதும் உண்டா, அந்த அச்சத்துக்கு அடிப்படை இருக்கிறதா என்பவற்றை விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையேன்.

அஸ்தம்பட்டி வழக்கறிஞர் எழுதியது:

அந்தத் தாளில் கைநாட்டு வைக்க வேண்டாமென்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். ஒரு குழந்தையைத் தனியாருக்கோ அறக்கட்டளைக்கோ பத்திரம் எழுதி ஒப்படைக்கும் வழக்கம் சட்டத்தில் கிடையாது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் ஒரு குழந்தை எங்கே, யாரிடம் வளர வேண்டும் என்பதை முடிவு செய்யும் அதிகாரம் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவுக்கு உரியது. ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட அந்தக் குழு, முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்குரிய அதிகாரத்துடன் இயங்குகிறது. பெற்றோரே மனமுவந்து ஒப்படைக்க விரும்பினாலும் குழுவின் முன்னிலையில்தான் செய்ய முடியும். அதன்பிறகும் மனம் மாறித் திரும்பக் கேட்க அவர்களுக்கு அறுபது நாள் அவகாசம் தரப்பட்டிருக்கிறது. அப்படியிருக்க, தாய் உயிரோடு இருக்கும்போது அவரை ஒரு வார்த்தை கேட்காமல், பாட்டியின் கைநாட்டை வாங்கிக்கொண்டு பதினெட்டு வயது வரை திரும்பக் கேட்கக் கூடாது என்று எழுதும் தாளுக்கு என்ன மதிப்பு இருக்க முடியும்?

குழந்தைகளை வைத்துப் பராமரிக்கும் எந்த இல்லமும், அரசு உதவி பெற்றாலும் பெறாவிட்டாலும், இச்சட்டத்தின் 41-ஆம் பிரிவின்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவின்றி நடத்துபவர்களுக்கு ஓராண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு. மறுபடியும் அந்த ஜீப் வந்தால் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். பதிவு பெற்ற இல்லமாகவே இருந்தாலும், ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளைச் சேகரிக்கும் உரிமை அதற்கு இல்லை. தன்னிடம் வந்துசேரும் குழந்தையை, பயண நேரம் நீங்கலாக இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் குழுவின் முன் நிறுத்தியாக வேண்டும்.

பையனைப் பட்டறைக்கு அனுப்பும் யோசனையைப் பெரியப்பா கைவிடுவது அவருக்கே நல்லது. 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பதினான்கு வயது நிரம்பாதவர்களை எந்தத் தொழிலிலும் அமர்த்தக் கூடாது என்கிறது. பள்ளி நேரம் போகச் சொந்தக் குடும்பத் தொழிலில் உதவுவது போன்ற சில விலக்குகள் உண்டு. யாரோ ஒருவருடைய பட்டறை அதில் வராது. வேலைக்கு வைப்பவருக்கு ஆறு மாதம் முதல் இரண்டாண்டு வரை சிறையும், இருபதாயிரம் முதல் ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படலாம்.

அந்த அம்மாவின் அச்சத்துக்கு வருகிறேன். குடும்பம்தான் குழந்தையின் முதல் இடம், நிறுவனத்தில் சேர்ப்பது கடைசி வழி என்பது சட்டத்தின் மூன்றாம் பிரிவிலேயே பொதுக் கோட்பாடாக எழுதப்பட்டிருக்கிறது. வறுமை ஒன்றையே காரணமாக்கிக் குழந்தையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்பதை 2009-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற வழிகாட்டு நெறிகளும் சொல்கின்றன. குழுவிடம் போனால் வீட்டு நிலவரத்தைப் பற்றிச் சமூக விசாரணை அறிக்கை கேட்பார்கள். நான்கு மாதங்களுக்குள் இறுதி ஆணை பிறப்பிக்க வேண்டும். பிள்ளைகளைப் பாட்டியின் பொறுப்பிலேயே விட்டு, மேற்பார்வைக்கும் நிதி ஆதரவுக்கும் உத்தரவிட குழுவுக்கு முழு அதிகாரம் உண்டு. நடைமுறையில் எல்லாம் இவ்வளவு சீராக நடக்கும் என்று உறுதி கூற மாட்டேன். ஆயினும், அடி உதை இல்லாத, பள்ளிக்கு ஒழுங்காக அனுப்புகிற ஒரு பாட்டியிடமிருந்து பிள்ளைகளைப் பிரிக்கச் சட்டத்தில் முகாந்திரம் இல்லை.

முன்னாள் களப்பணியாளர் எழுதியது:

வழக்கறிஞர் ஐயா சட்டத்தைச் சொல்லிவிட்டார். பணம் எங்கிருந்து வரும் என்பதை நான் சொல்கிறேன்.

மத்திய, மாநில அரசுகள் 60-க்கு 40 என்ற விகிதத்தில் செலவைப் பகிர்ந்துகொள்ளும் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், குடும்பத்தோடு வாழும் குழந்தைக்கு நிதி ஆதரவாக மாதம் 4,000 ரூபாய் வழங்கப்படுகிறது. முன்பு இது 2,000 ரூபாயாக இருந்தது. 2022-இல் வெளியான புதிய வழிகாட்டுதலில்தான் இரட்டிப்பானது. கணவரை இழந்த அல்லது கைவிடப்பட்ட தாயின் குழந்தை, உறவினர் வீட்டில் வளரும் ஆதரவற்ற குழந்தை, உயிருக்கு ஆபத்தான நோயுள்ள பெற்றோரின் குழந்தை, குழந்தைத் தொழிலிலிருந்தோ குழந்தைத் திருமணத்திலிருந்தோ மீட்கப்பட்ட குழந்தை ஆகியோர் இதற்குத் தகுதி உடையவர்கள். கிராமப்புறத்தில் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. நகர்ப்புறத்தில் 96,000 ரூபாய்.

தாய் உயிரோடு இருக்கிறாரே, பிறகு எப்படி ஆதரவற்ற குழந்தை என்று சில அலுவலகங்களில் கேட்பார்கள். அங்கே சோர்ந்துவிட வேண்டாம். சட்டப்படியான பாதுகாவலர் இருந்தும் அவர் பராமரிக்க விரும்பவில்லை அல்லது அவரால் இயலவில்லை என்றால், அந்தக் குழந்தையும் ஆதரவற்றதே என்று இளைஞர் நீதிச் சட்டமே சொல்கிறது. தாயிடம் பக்குவமாகப் பேசி, பிள்ளைகளைப் பாட்டியே வளர்க்கட்டும் என்று ஒரு கடிதம் எழுதி வாங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதுபோல் பேசினால் தொலைபேசியை எடுக்கவே மாட்டார். இப்படிக் கெட்டுப்போன விண்ணப்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மாநில அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டமும் இருக்கிறது. பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க இயலாத நிலையில் உள்ள குழந்தைகளுக்கும், படிப்பு இடைநிற்காமல் இருக்கப் பதினெட்டு வயது வரை மாதம் 2,000 ரூபாய் தருவது அதன் நோக்கம். எந்தத் திட்டம் யாருக்குப் பொருந்தும் என்பதை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்ற அரசு அலுவலகத்தில் பார்த்துச் சொல்வார்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்து, ஒப்புகை எண்ணை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. அந்த எண் கையில் இருந்தால், மனுவே வரவில்லை என்று யாரும் பிறகு சொல்ல முடியாது.

கையில் இருக்க வேண்டியவை: தந்தையின் இறப்புச் சான்று, குழந்தைகளின் பிறப்புச் சான்றும் ஆதாரும், பள்ளியில் படிப்பதற்கான தலைமையாசிரியர் சான்று, வட்டாட்சியரின் வருமானச் சான்று, குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம். இவற்றில் இறப்புச் சான்றில்தான் மலைக்காரர்கள் அதிகம் சிக்கிக்கொள்கிறார்கள்.

மலையூர் அஞ்சல்காரர் எழுதியது:

இருவருக்கும் நன்றி. கைநாட்டு வைக்கவில்லை, தாளும் என்னிடம்தான் இருக்கிறது.

களப்பணியாளர் சொன்னபடியே இறப்புச் சான்று இல்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டதில் தம் பதிவேட்டில் அந்தப் பெயரே இல்லை என்கிறார். அந்த மகன் சேலம் பெரிய ஆஸ்பத்திரியில் இறந்து, உடலை ஊருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்களாம். அடுத்தது கணக்கு. பத்து வயது நிரம்பியவன் என்பதால் பையன் தன் பெயரிலேயே அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு தொடங்கிக்கொள்ள முடியும்; சிறுமிக்குப் பாதுகாவலர் கையெழுத்து வேண்டும். தாய் இருக்கும்போது பாட்டியைப் பாதுகாவலராக ஏற்க எங்கள் படிவத்தில் எளிதில் இடமில்லை என்பது எனக்கே தெரியும். வங்கியிலும் இதே பதில்தான் வரும்.

முன்னாள் களப்பணியாளர் எழுதியது:

இறப்பு எங்கே நிகழ்ந்ததோ அந்த எல்லையின் பதிவாளரிடம்தான் பதிவாகும். அடக்கம் நடந்த ஊரில் தேடிப் பயனில்லை. மருத்துவமனையில் இறந்திருந்தால் அநேகமாக அங்கேயே பதிவாகியிருக்கும். இறந்த தேதி, உள்நோயாளிச் சீட்டு அல்லது உடலைப் பெற்றுக்கொண்டபோது கொடுத்த தாள் ஆகியவற்றுடன் மருத்துவமனையின் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் கேளுங்கள். பெயரிலோ தகப்பனார் பெயரிலோ எழுத்துப் பிழை இருந்தால் இணையத்தில் தேடும்போது கிடைக்காது. தேதியை வைத்துப் பதிவேட்டைப் புரட்டச் சொன்னால் கிடைத்துவிடும். எங்குமே பதிவாகவில்லை என்றால் மட்டும், ஓராண்டு கடந்துவிட்டதால், வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுச்செய்து ஆணை பெற்றுப் பதிய வேண்டும்.

சிறுமியின் கணக்குக்குக் குழுவின் ஆணைதான் கைகொடுக்கும். பிள்ளைகளைப் பாட்டியின் பராமரிப்பில் விடுவதாகக் குழு எழுத்தில் தந்துவிட்டால், அந்த நகலை வைத்துக் கணக்கு தொடங்குவது மிகவும் எளிதாகிவிடும். ஆகவே நிதி ஆதரவு மனுவோடு நிறுத்திக்கொள்ளாமல், பிள்ளைகளைக் குழுவின் முன் அழைத்துப் போய் ஆணை பெறுவதே சரி என்பேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, ஓமலூர் எழுதியது:

இந்த இழையைப் படிக்கும்போது நம் மாவட்டத்தின் பழைய வரலாறு ஒன்று நினைவுக்கு வருவதால் எழுதுகிறேன். வளர்க்க விரும்பாத பெண் சிசுவை அரசு வைத்த தொட்டிலில் விட்டுச்செல்ல வழிசெய்த தொட்டில் குழந்தைத் திட்டம், 1992-இல் முதன்முதலில் தொடங்கப்பட்டது சேலம் மாவட்டத்தில்தான். நாமக்கல் அப்போது நம்மோடுதான் இருந்தது. பெண் சிசுக் கொலையைத் தடுக்க அது தேவைப்பட்டது, பல உயிர்களைக் காத்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதன் நிழலாக இங்கே ஓர் எண்ணமும் ஊறிப்போயிற்று: முடியாவிட்டால் கொண்டுபோய்க் கொடுத்துவிடு, யாராவது வளர்ப்பார்கள். கொடுப்பதற்குத் தொட்டில் வாசலிலேயே இருந்தது. வைத்துக்கொள்ள விரும்பியவளுக்கு மாதாமாதம் உதவி என்பது அதற்கு வெகுகாலம் கழித்துத்தான் வந்தது. இன்றும் பாருங்கள், ஒப்படைக்க ஒரு கைநாட்டு போதும் என்று ஜீப்பில் வருகிறார்கள். வைத்துக்கொள்ள நினைக்கும் பாட்டியோ இத்தனை சான்றுகளுக்கு மலையிறங்கி ஏற வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறை இறங்கும்போதும் ஒரு நாள் கூலி போகிறது என்பதை அலுவலர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். ஊராட்சித் தலைவர், பள்ளி ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர் முதலியோர் அடங்கிய கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு என்று ஒன்று இருக்கிறது. விவரங்களைத் திரட்டிக் கொடுக்க வேண்டியது அதன் வேலை; காகிதத்தில் மட்டும் கூடும் குழுவாக அதை விட்டுவைக்காதீர்கள்.

இல்லத்தில் வளர்ந்தவன் எழுதியது:

எல்லோரும் இல்லம் என்றாலே ஆகாது என்பதுபோல் எழுதுவதால் ஒரு மாற்றுக் கருத்து. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை நான் பதிவு பெற்ற ஓர் இல்லத்தில் இருந்தேன். பசி அறியவில்லை, படிப்புக்கும் குறைவில்லை. வீட்டில் குடித்துவிட்டு அடிக்கும் தகப்பனிடம் இருந்திருந்தால் இன்று நான் எங்கே இருந்திருப்பேன் என்று தெரியாது. போக வேறு இடமில்லாத பிள்ளைக்கு இல்லம் வேண்டும்.

ஆனால் அந்த ஜீப்காரர்கள் சொல்லாத ஒன்றை அந்தப் பாட்டியிடம் சொல்லிவிடுங்கள். ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் இல்லங்கள் தனித்தனி. இருவரையும் ஒன்றாக வளர்க்கிறோம் என்று யார் சொன்னாலும், அண்ணன் ஓர் ஊரிலும் தங்கை வேறோர் ஊரிலுமாகத்தான் போய்ச் சேருவார்கள். எனக்கும் என் தங்கைக்கும் அப்படித்தான் நடந்தது. கோடை விடுமுறையில் பார்க்கும்போது முதல் இரண்டு நாள் என்ன பேசுவது என்றே இருவருக்கும் தெரியாது. பதினெட்டு வயதில் வெளியேறும்போது, இருபத்தொரு வயது வரை பிற்காப்பு உதவி உண்டு என்பதையும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. இப்போது இதைப் படிக்கும் இல்லத்துப் பிள்ளைகள் இருந்தால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 46-ஆம் பிரிவைச் சொல்லிக் கேளுங்கள்.

நான் கேட்க விரும்புவது வேறு. பையன் பதின்மூன்று வயதில் இருக்கிறான். மலையில் பல சிற்றூர்களிலிருந்து உயர்நிலைப் பள்ளி வெகுதொலைவு. வீட்டில் வைத்து மாதம் 4,000 ரூபாய் கொடுத்தாலும் அவன் ஒன்பதாம் வகுப்புக்கு எப்படிப் போவான்? பழங்குடியினர் நலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளியில் சேர்ப்பதைப் பற்றி யாரும் பேசவில்லையே.

முன்னாள் களப்பணியாளர் எழுதியது:

நல்ல கேள்வி. உண்டு உறைவிடப் பள்ளி வேறு, குழந்தைகள் இல்லம் வேறு. பள்ளி விடுதியில் சேர்ப்பதற்குக் குழுவின் ஆணை வேண்டியதில்லை. பிள்ளை பாட்டியின் பிள்ளையாகவே இருப்பான், விடுமுறைக்கு வீடு வருவான். இந்த மலையில் வாழும் மலையாளி என்ற பழங்குடிச் சமூகத்துப் பிள்ளையாக இருந்தால் பழங்குடியினர் சாதிச் சான்று வேண்டும். அதை வழங்குபவர் வட்டாட்சியர் அல்லர், கோட்டாட்சியர் என்பதால் அதற்கான மனுவை இப்போதே கொடுத்துவைப்பது நல்லது.

ஆனால் ஒரு விதியைக் கவனிக்க வேண்டும். மிஷன் வாத்சல்யா நிதி ஆதரவு பெறும் குழந்தை பள்ளி விடுதியில் சேர்ந்துவிட்டால் அந்த உதவி நின்றுவிடும். தொடர்ந்து முப்பது நாள் பள்ளிக்குப் போகாவிட்டாலும் நிறுத்தப்படும். விடுதியில் சோறு போடுகிறார்களே, பிறகு எதற்குப் பணம் என்பது விதி எழுதியவர்களின் கணக்கு. சமவெளிக்கு அது பொருந்தலாம். விடுதியில்லாமல் உயர்நிலைப் பள்ளிக்கே போக முடியாத மலையூரில், படிப்பைத் தொடர்ந்ததற்காகவே பிள்ளையின் உதவியை நிறுத்துவதாகத்தான் அது முடிகிறது. விடுமுறைச் சோறு, துணிமணி, வந்துபோகும் செலவு எல்லாம் பாட்டி தலையில்தான். நிதி ஆதரவு விண்ணப்பங்களை முடிவு செய்யும் மாவட்ட அளவிலான ஒப்புதல் குழு இதை மாநில அரசுக்கு எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் கருத்து.

இப்போதைக்கு அந்த அம்மாவுக்கு நான் சொல்லக்கூடியது: இரு பிள்ளைகளுக்கும் ஒரே முடிவு எடுக்க வேண்டியதில்லை. சிறுமிக்கும் பையனுக்கும் தனித்தனி விண்ணப்பம் கொடுங்கள். பையன் எட்டாம் வகுப்பை முடிக்கும் வரை வீட்டில் இருந்தே படிக்கட்டும். அதற்குள் சாதிச் சான்று கிடைத்துவிடும். ஒன்பதாம் வகுப்புக்கு உறைவிடப் பள்ளிக்குப் போனால் அவனுடைய உதவிதான் நிற்கும், சிறுமியுடையது தொடரும்.

அந்த முத்திரைத்தாளைக் கிழிக்க வேண்டாம். அதில் அந்த இல்லத்தின் பெயரும் முகவரியும் இருந்தால், ஒரு நகலைக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கொடுத்து, பதிவு பெற்ற இல்லந்தானா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதே ஜீப் பக்கத்து ஊர்களுக்கும் போயிருக்கும். மறுபடி வந்தால் 1098 எண்ணுக்கு உடனே சொல்லிவிடுங்கள். எந்த நேரமும் எடுப்பார்கள், கட்டணமும் கிடையாது. திங்கட்கிழமை இறங்குவதாக இருந்தால் பள்ளிச் சான்றும் தாயின் கடிதமும் கையில் இருக்கட்டும். அன்றே மருத்துவமனைப் பதிவுப் பிரிவுக்கும் போய்விட்டால் இன்னொரு நாள் கூலி மிச்சமாகும்.